மயிரிழை

லாங் பஜாரில் எண்ணூற்றைம்பது கேட்டான்.
எழுநூறுக்கு முடித்தேன்.
கத்தரிக்காய் நிறம்தான் மிச்சம் இருந்தது.
கொண்டையை இறக்கி, கிளிப்பைக் கழற்றி,
வாரைத் தாடைக்கடியில் மாட்டிப் பார்த்தபோது
கடைப் பையன் சொன்னான்:
"ரெண்டு விரல் நுழையணும்க்கா, மூணு நுழையக் கூடாது."
அன்றிலிருந்து என் தலைக்குப்
பூ கிடையாது.

சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றோரமாகவே
நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர் வரைக்கும்
புதுப் பாதை.
நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.
இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் சக்கரம்
என்கிறது போர்டு.
போர்டைப் படிக்காதவர்கள்:
நாய்கள்,
மிளகாய் காயவைக்கிறவர்கள்,
காதில் பாட்டைச் செருகிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள்,
நாலு பேராக வரிசை கட்டிச்
சர்க்கரையைக் குறைக்க வருகிறவர்கள்.

ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டே,
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று.
அதன் வாலில் என்னையும் கட்டலாம்:
மணி இல்லாத சைக்கிள்.
வாங்கும்போதே மூடி ஆடிக்கொண்டிருந்தது.
சித்திரையில் எங்கோ விழுந்துபோனது.
பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்,
தலைதான் பத்திரமாக இருக்கிறதே.

உண்மையைச் சொன்னால்
தலைக்கவசம் போட்ட பிறகுதான்
வேகமாக மிதிக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ஐந்தே முக்கால்.
ஆற்று மணலில் இன்னும் வெளிச்சம் இறங்கவில்லை.
முன்னால் சாம்பல் துப்பட்டா, கையில் நாலு பால் பாக்கெட்.
கோட்டுக்கு அந்தப் பக்கம், தன் பக்கத்தில்தான்
போய்க்கொண்டிருந்தாள்.
குறுக்கே வந்தது நாய்.
ஒடித்தேன்.
குரல் கொடுக்க வாயைத் திறந்தபோது
வாய்க்குள் மண் இருந்தது.

வெள்ளைக் கோட்டின்மேல் பால் ஓடியது.
எது கோடு எது பால்
என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தலை போய் மோதியது பாதையோரக் கல்லில்.
"எவனோ தேங்காய் உடைக்கிறான்னு நினைச்சேன்"
என்றார் இட்லிக் கடைக்காரர்.
கழற்றிப் பார்த்தால்
கத்தரிக்காய் ஓட்டில் மெல்லிய விரிசல்,
உள்ளே தெர்மோகோல் ஒரு கட்டைவிரல் அளவு அமுங்கி.
மயிரிழையில் தப்பினே தாயி,
என்றார்கள் எல்லோரும்.
என்னிடம்தான் சொன்னார்கள்.
அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி
தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பெயர்? தில்ஷாத்.
வயது? முப்பத்தெட்டு. எனக்கும் அதேதான்.
வளையலைக் கழற்ற வேண்டும்.
மூன்று வந்துவிட்டன, நாலாவதற்குச் சோப்பு தேவைப்பட்டது.
"கையை இங்க வைங்க. அசையாதீங்க."
நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாய்
அன்றைக்கு அசைந்தது.

திரையில் எலும்பு வந்தது.
இருதயராஜ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்:
"மயிரிழைதான். ஆறு வாரம்."

என்னுடையது ஓட்டில்.
அவளுடையது எலும்பில்.
என் பக்கம் எழுநூறு ரூபாய் நின்றது.
அவள் பக்கம் நின்றிருக்க வேண்டியது
அறுபது ரூபாய் மணி ஒன்று,
கொஞ்சம் பிரேக்,
கொஞ்சம் நான்.

விரிசல் விட்டதை இனிப் போடக் கூடாதாம்.
புதுசு வாங்கினேன், பேரம் பேசாமல்.
இருபதடிக்கு முன்னாலேயே ஒரு டிங்.
கும்பல் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு.
வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம், திட்டு நிச்சயம்.

தில்ஷாத் இப்போதும் வருகிறாள்,
பால் இடக்கையில்.
முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பிறகு மணி கேட்டால் ஒதுங்கி நின்றாள்.
ஒதுங்குவது மன்னிப்பதாகாது.
நேற்றுக் கேட்டாள்:
"அதுக்குள்ள சூடா இல்லையா?"
"வேலூர்ல எதுக்குள்ளதான் சூடில்ல?" என்றேன்.
சிரித்தாளா, தெரியவில்லை.
மாவுக்கட்டுக்குள் ஊதுவத்திக் குச்சியை விட்டு
சொறிந்துகொண்டிருந்தாள்,
கண்ணை மூடி.